நாலு பஸ் வாத்து

ஆறு பத்து ஆகிவிட்டது, ஆளைக் காணோம். சபாபதி சாருக்கு ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே, தாமதம் என்பது அடுத்தவர்கள் செய்கிற காரியம் என்று ஆகிப்போன மனிதர். பறவை பார்க்க வருகிற இந்த மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. புயல் ஓய்ந்த மறுநாள்கூட முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சரியாக ஆறு பத்துக்கு இந்த மதகடியில் வந்து நின்றார். இன்றைக்குப் பார்த்து வரவில்லை. சரி பூங்கோதை, பதறாதே, பனி அப்படி. மார்கழி முடிய இன்னும் நாலு நாள்தான், கையில் மிச்சமிருக்கிற பனியையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிட்டது போல. எதிர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அடுக்குமாடிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் சூழ, நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி கிடக்கிற எங்கள் கழுவெளி, முந்நூறு ஏக்கர் சேறும் தண்ணீரும் கோரையும், இன்றைக்கு என் காலடியில் பத்தடி மட்டும் தெரிகிறது. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்கிறது. ட்ரைபாடை விரித்து, மதகின் சிமெண்டுத் திட்டில் இருக்கும் மூன்று சிவப்புப் பொட்டுகளின் மேல் மூன்று காலையும் நிறுத்துகிறேன். நெயில் பாலிஷ் பொட்டுகள், நான் வைத்தவை. வாராவாரம் முதல் படம் இங்கிருந்துதான், இதே உயரம், இதே கோணம், பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது நூற்று நாற்பத்தெட்டாவது. க்ளிக். படம் முழுக்க வெள்ளை, வலது ஓரத்தில் மட்டும் பனி ஒரு கணம் கிழிந்து, எதிர்க்கரைப் பக்கமாக ஒரு சாம்பல் கீற்று. சாம்பல் நாரை. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, குளிரில் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி நிற்கிறது. நோட்டை எடுத்து எழுதுகிறேன், சாம்பல் நாரை, ஒன்று. ட்ரைபாடின் பூட்டை இறுக்கும்போது டக் என்று ஒரு சத்தம், உடனே வலது பக்கத்திலிருந்து “ஷ்ஷ்.” பல் டாக்டர் மனோகரன். இலை போட்ட சட்டை, இலை போட்ட தொப்பி, லென்ஸுக்கும் இலை போட்ட உறை. ஐந்து மணிக்கே வந்து புதரோடு புதராக உட்கார்ந்துவிடுவார், பூனைப்பருந்துக்காக. இங்கே யாரும் சத்தம் போடக் கூடாது, தும்மல் வந்தால்கூடத் துப்பட்டாவுக்குள் தும்ம வேண்டும், அதுதான் இந்த இடத்தின் முதல் சட்டம். நானும் இந்த மூன்று வருஷத்தில் ஒரு வாத்தைக்கூடக் கிளப்பிவிட்டதில்லை.

போன ஞாயிறு இதே திட்டில்தான் சபாபதி சார் கேட்டார். எட்டு மணிக்கு நாங்கள் டீ குடிப்போம், அவர் பிளாஸ்க்கில் சுக்கு டீ, என்னதில் பால் டீ. மூடியைத் திருகிக்கொண்டே, “மேடம், ரெண்டு பிளாஸ்க் எதுக்கு? ஒண்ணு போதுமே” என்றார். “உங்க சுக்கு டீ எனக்கு நெஞ்சு எரியும் சார்” என்றேன். நிஜமாகவே அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது, நாற்பத்தாறு வயசுக்கு அறிவைப் பார். ஒரு நாமக்கோழி இன்னொன்றைத் துரத்திக்கொண்டு போனது, அவர் அது முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்த மாதிரி காத்திருந்து, “இல்ல மேடம், நான் சுத்தி வளைச்சு சொல்லிட்டேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறேன். எனக்கு அம்பத்திரண்டு. டைவர்ஸ் ஆகிப் பதினாலு வருஷம், அது உங்களுக்கே தெரியும். சுகர் இல்ல. பிரஷர் கொஞ்சம் இருக்கு. நல்லா சமைப்பேன்” என்றார். அறிவிப்பு முடிந்தது, வண்டி புறப்படலாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வெளியே வரும் என்று தெரியாததால் இரண்டையும் விழுங்கிவிட்டு, “அடுத்த ஞாயிறு சொல்றேன் சார்” என்றேன். “நிதானமா யோசிங்க. என் மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணிடக் கூடாது” என்று சொல்லி, பல் தெரியச் சிரித்து, அதற்கப்புறம் நீலத் தாழைக்கோழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த மூஞ்சிக்கு என்ன? நல்ல மூஞ்சிதான். காது கொஞ்சம் பெரிசு. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி, இது தெளிவா, இதுவா, என்று கேட்பதுதான் என் பிழைப்பு; ஒரு நாளைக்கு நாற்பது பேர், எண்பது கண் என்றும் சொல்லலாம். புதன்கிழமை ஒரு பெரியவர், “ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு, நீயே ஒண்ணைச் சொல்லிடேன்” என்றார். எனக்குப் பகீரென்றது, என்னைத்தான் சொல்கிறாரோ என்று.

ஆறு முப்பது. டீக்கடைப் பக்கம் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன், சபாபதி சார் பைக் நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கழுவெளிக்குள் கால் வைத்ததும் போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம், ஆகவே ஆஃப் என்றால் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் உள்ளே வந்திருந்தால் பைக் இருக்க வேண்டும், பைக் இல்லை, ஆகவே வரவில்லை. வரவில்லை என்றால் போன் ஏன் ஆஃப்? தூங்குகிறார். தூங்க மாட்டார். மனசு மாறிவிட்டது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அணைத்து வைத்துவிட்டார். சீ, அப்படிப்பட்டவர் இல்லை, மனசு மாறினால் அதையும் மணி பார்த்து வந்து நேரில் சொல்லிவிட்டுப் போவார். அப்படியானால், அப்படியானால் என்று மனசு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், போகாதே என்று சொல்லிக்கொண்டே நானும் கூடப் போகிறேன். என் வீட்டுக்காரர் குணசேகர் பால் வாங்கத்தான் போனார். ஐப்பசி, விடிகாலை, தூறல், பத்து நிமிஷ வேலை. இருபது நிமிஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் பால் பாக்கெட்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல், “இதைப் பிடிங்கம்மா, நான் ஆட்டோ கூப்பிடுறேன்” என்றார். யாருக்கு ஆட்டோ என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டேன். அவர் பின்னாலேயே வருவார், வந்ததும் காபி கேட்பார் என்று பால் பொங்கப் பொங்க நின்று காய்ச்சினேன். பால் பூத் வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று அப்புறம்தான் சொன்னார்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. பையன் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் எனக்கு அடிவயிற்றில் அந்தப் பால் பொங்கும். அதனால்தானோ என்னவோ சபாபதி சாரை எனக்குப் பிடித்தது. நல்லவர், பறவை தெரிந்தவர், எல்லாம் சரி. ஆனால் முதலில் பிடித்தது, வருவேன் என்ற நேரத்துக்கு வந்துவிடுவார் என்பது. என் அடிவயிறு அவரிடம் மட்டும் சும்மா இருந்தது. இன்றைக்கு அதற்கும் வேலை வந்துவிட்டது. திரும்பப் போன் போட்டேன், அதே பெண் அதே குரலில் அதையே சொன்னாள். டாக்டர் மனோகரன் தன் இலைகளுக்கு நடுவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் போனைப் பைக்குள் போட்டேன்.

ஐயோ, இதோ, வெளிச்சம் வருகிறது. கிழக்கே கட்டடங்களின் இடுக்கில் ஒரு மங்கல் சிவப்பு. பனி தண்ணீரை விட்டு ஒரு சாண் எழும்பியிருக்கிறது, அந்த ஒரு சாண் இடைவெளியில் கால்கள் தெரிகின்றன, ஆயிரம் கால்கள், உடம்பே இல்லாமல். நெடுங்கால் உள்ளான்களின் சிவப்புக் கால்கள். எத்தனை கவலை இருந்தாலும் இதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லையே, நான் என்ன ஜென்மம்! குனிந்து, மதகில் முழங்காலை ஊன்றி, லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி எடுக்கிறேன். க்ளிக், க்ளிக், கால் ஒன்று தூக்குகிறது, ஒரு சொட்டு விழுகிறது, வட்டம் விரிகிறது, க்ளிக். விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, மனசு மட்டும் வெல்லத்தைக் கண்ட எறும்பாக ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் ஊசிவால் வாத்துகள், எங்கிருந்தோ மலையெல்லாம் தாண்டி வந்து, ஏதோ எதிர்வீட்டிலிருந்து வந்த மாதிரி அலட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன. சபாபதி சார் இருந்தால் உடனே சொல்லியிருப்பார், “நாலு பஸ் இருக்கும் மேடம்.” கூட்டத்தை அவர் எண்ணுவது பஸ் கணக்கில்தான். ஒரு பஸ் என்றால் அறுபது, நிற்கிறவர்களையும் சேர்த்து. கண்ணை ஓட்டி, ஒரு பஸ், ரெண்டு பஸ், இது ஃபுட்போர்டில் தொங்குற கூட்டம் என்று முடித்துவிடுவார். நான் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணி இருநூற்று முப்பத்தெட்டு என்று சொன்னால், “அதான், நாலு பஸ், ரெண்டு சீட் காலி” என்பார். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலை ஒட்டி நடக்கிற கணக்கெடுப்பில்தான் அவருடைய கண்டிப்பைப் பார்க்க வேண்டும். ஒரே கூட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் இந்தக் கரை, ஒருவர் அந்தக் கரை. இருவரும் முடிக்கும்வரை பேச்சு கூடாது, போன் கூடாது, ஜாடை கூடாது. ஒருத்தர் எண் மற்றவர் மண்டைக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் அவருக்கும் அதே எண்தான் தெரியுமாம். போன வருஷம் நான் இந்தக் கரையிலிருந்து, எத்தனை, என்று சும்மா ஒரு விரலை ஆட்டிக் கேட்டேன், மனிதர் நாற்காலியோடு திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் வரைக்கும் அந்த முதுகு அசையவில்லை.

இந்தக் கழுவெளி ஒருநாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் எனக்கு இங்கே வந்த முதல் வருஷம் புரியாத விஷயம். குணசேகர் போன பிறகு எனக்கு எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பையன் இளம்பரிதிதான், அப்போது பதினாறு வயசு, டவுசரும் பிடிவாதமுமாக, “அம்மா, நீ எங்கயாவது போம்மா, வீட்லயே இருந்து என்னையே பாத்துட்டு இருக்காத” என்று பழைய கேமரா ஒன்றை வாங்க வைத்தான். வந்தேன். என்ன எடுப்பது என்று தெரியாமல் எதிரில் இருந்ததை எடுத்தேன், அடுத்த வாரமும் அதையே எடுத்தேன். கடையில் வேலை செய்கிற பெண் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே போட்டோவா இருக்கே மேடம்” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒருநாள் எல்லாவற்றையும் வரிசையாக லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கும்வரை. பங்குனியில் தண்ணீர் உள்வாங்குகிறது, சித்திரையில் சேறு வெடிக்கிறது, வெடிப்பில் கன்றுக்குட்டி நிற்கிறது, ஆடியில் ஆகாயத்தாமரை பச்சைப் பாயை விரிக்கிறது, அதன்மேல் நீளவால் இலைக்கோழி வாலை வளர்த்துக்கொண்டு வந்து உலாத்துகிறது, ஐப்பசியில் ஒரே ராத்திரியில் பாய் மூழ்கி, வானம் கீழே கிடக்கிறது, கார்த்திகையில் வாத்து. பின்னால் அடுக்குமாடி மட்டும் மாடி மாடியாக ஏறிக்கொண்டே போகிறது, அதற்குப் பருவம் இல்லை. அந்த இலைக்கோழியைப் பற்றித்தான் நானும் சபாபதி சாரும் முதல்முதல் பேசினோம். இலையின் மேல் உட்கார்ந்து அடைகாப்பதைக் காட்டி, “அம்மா எவ்வளவு பொறுமையா உக்காந்திருக்கு பாருங்க” என்று நான் யாரிடமோ சொல்ல, பின்னாலிருந்து ஒரு குரல், “அது அம்மா இல்ல மேடம், அப்பா. அம்மா முட்டையைப் போட்டுட்டு அடுத்த மாப்பிள்ளையைப் பாக்கப் போயிருக்கும்.” யாரடா இது என்று திரும்பினால், இந்தக் காது. நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கும் டாக்டர் “ஷ்ஷ்” என்றார். எத்தனையோ நாள் கழித்து என் சிரிப்பு எனக்கே கேட்டது, யாரோ வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஏழு ஐந்து. எனக்குச் சம்மதம்தான், அதில் இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை. வியாழக்கிழமை ராத்திரியே முடிவாகிவிட்டது. இளம்பரிதிக்குப் போன் போட்டு, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அவன் சாப்பிட்டானா, தலைக்கு எண்ணெய் வைத்தானா என்று அரை மணி நேரம் சுற்றிவிட்டு, கடைசியில் சொன்னேன். “டைம் கீப்பர் சாரா?” என்றான். “ஆமாடா.” “அவர் நல்லவர்தானம்மா. நான் லீவுக்கு வரப்ப பஸ்ல உக்காரவெச்சு, டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புவாரே.” “அப்பாவை...” என்று நான் ஆரம்பித்தேன். “அப்பா போட்டோ ஹால்லயே இருக்கட்டும்மா, அவருக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்ல. எனக்கு இலை போட்டுக் கல்யாணச் சாப்பாடு வேணும், ஹோட்டல்ல கூட்டிட்டுப் போய் ஏமாத்தக் கூடாது” என்று சொல்லி வைத்துவிட்டான். நான் போனைப் பிடித்தபடி சமையலறையில் நின்று சிரித்தேன், அழுதேன், ஒரு முழு டம்ளர் மோர் குடித்தேன். நாத்தனார் என்ன சொல்வாள் என்று ஒரு பயம், சொல்லட்டும். மூன்றாவது மாடி பத்மஜா என்ன சொல்வாள், அவள் லிஃப்ட் நின்றாலும் சொல்வாள். இதெல்லாம் பயம் இல்லை, கொசுக்கடி. என் நிஜமான பயம் ஒன்றே ஒன்றுதான்: சரி என்று சொன்ன நிமிஷத்திலிருந்து நான் மறுபடியும் ஒரு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும், வாசலைப் பார்க்க வேண்டும், மணியைப் பார்க்க வேண்டும், பால் பொங்கும். இந்த வயசில் இன்னொரு தடவை அது என்னால் ஆகுமா? சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் நோயாளி நாற்காலியில் நானே உட்கார்ந்து, எதிரே எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். ஆகாது என்றால் இவர் வராத ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தாங்குவாய் என்று கேட்டது மனசு. அதுதானே? காத்திருப்பது எப்போதோ ஆரம்பித்துவிட்டது, ஆறு பத்துக்கு ஆறு பத்துக்கு என்று மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டுதானே இருக்கிறேன். இனிமேல் பயந்து என்ன பிரயோஜனம், தலை நனைந்தாகிவிட்டது. இவ்வளவையும் தயார் செய்துகொண்டு, நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அதன்மேல் இந்த அழுக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தால், ஆள் இல்லை. வா சார். எங்கே இருந்தாலும் வந்துவிடு. வராவிட்டால் நானே டிப்போவுக்கு வந்து, வரிசையாக நிற்கிற டிரைவர் கண்டக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன், உனக்குத்தான் வெட்கமாகப் போகும். முதல்தடவையாக அவரை “உனக்கு” என்று நினைத்திருக்கிறேன். கன்னம் சுடுகிறது, குளிருக்கு நல்லது.

“வந்துடுச்சு” என்று டாக்டர் மனோகரன் காற்றுக்கும் கேட்காத குரலில் சொன்னார். பூனைப்பருந்து. கோரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், சிறகை அசைக்காமல், தொலைந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வருகிறது. என் கண் லென்ஸுக்குள் போய்விட்டது. இடமிருந்து வலமாக அதன்கூடவே திரும்புகிறேன். பழுப்பு உடம்பு, வெண்ணெய் நிறத் தலை, வெயில் விழுந்த ஒரு கண். நாமக்கோழிகள் குடுகுடுவென்று ஓடி ஒதுங்குகின்றன. க்ளிக், க்ளிக், க்ளிக். பனி இப்போது பாதிக்கு மேல் விலகிவிட்டது, எதிர்க்கரை வந்துவிட்டது, கரையின் மேல் கருவேலம், ஒரு கம்பம், அந்தச் சாம்பல் நாரை. பருந்து நாரையைத் தாண்டிப் போனது. நாரை அசையவில்லை, பாவம், ஒரு மணி நேரமாக அதே இடத்தில். பருந்தோடு நானும் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் லென்ஸின் ஓரத்திலிருந்து நாரை நழுவுகிற சமயம் அது ஒரு காரியம் செய்தது. டீ குடித்தது. நான் பருந்தை விட்டுவிட்டேன். டாக்டருக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார், அப்படியொரு வெளிச்சத்தில் அப்படியொரு பருந்தை யாரும் விடமாட்டார்கள், விட்டுவிட்டு லென்ஸைத் திருப்பி, குவியத்தைச் சரிசெய்கிறேன், மங்கல், இன்னும் மங்கல், இது தெளிவா, இதுவா, இது. சாம்பல் குரங்குக் குல்லா. சாம்பல் ஸ்வெட்டர். மடக்கு நாற்காலி. குல்லாவைத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கிற காது. பிளாஸ்க் மூடியில் ஊதி ஊதிச் சுக்கு டீ குடிக்கிறது என் நாரை.

ஊருக்கெல்லாம் கண் பார்த்து எழுதிக்கொடுக்கிறவள், இருபது வருஷ அனுபவம், ஒரு மனுஷனைப் பார்த்து நாரை என்று எழுதிவைத்திருக்கிறேன். நோட்டில் இருக்கிறது, மாற்ற மாட்டேன், இருக்கட்டும். உயிரோடு இருக்கிறார். முதலில் அதுதான், வேறு எதுவும் இல்லை, உயிரோடு இருக்கிறார், டீ குடிக்கிறார், சூடாக இருக்கிறது போல, ஊதுகிறார். நான் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிவயிற்றில் பொங்கிக்கொண்டிருந்தது அப்படியே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, அந்தக் கரையில் என்ன வேலை, அதுவும் இன்றைக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல்? அதற்கும் பிறகு, அரை நிமிஷம் கழித்து, புரிந்தது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியைச் சாய்வாகப் போட்டு, முதுகில் முக்கால் பங்கு எனக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எண்ணிக்கை முடியும்வரை ஒருவர் இந்தக் கரை, ஒருவர் அந்தக் கரை. பேச்சு இல்லை, போன் இல்லை, ஜாடை இல்லை. தன் முகம் எதிரே இருந்தால் அந்த முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ, கூச்சப்பட்டோ, பழக்கதோஷத்தாலோ நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, பைக்கை அந்தப் பக்க ரோட்டில் நிறுத்திவிட்டு, விடியுமுன்னே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். என் முடிவு என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று. எனக்கு இது சொல்லாமலே புரியும் என்று நினைத்திருப்பார், மடையன், தங்கமான மடையன். எட்டு மணியானதும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் சுற்றிக்கொண்டு வருவேன், வந்தால் ஒரு பதில், வராவிட்டால் ஒரு பதில் என்று அங்கே அவரும் ஆறு பத்திலிருந்து மணியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தண்ணீரின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். லென்ஸில் மறுபடி பார்க்கிறேன். கை டீயைச் சிந்துகிறது. குளிரா, என்னாலா? கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார், திரும்பக் கழற்றுகிறார். இருபத்தாறு வருஷத்தில் எந்த வண்டிக்காகவும் இவர் இப்படித் தவித்திருக்க மாட்டார். நான் இவரை நேசிக்கிறேன். இதோ, சொல்லியாயிற்று, எனக்கு நானே சொல்லிவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, ஒரு தகைவிலான் குருவி மட்டும் தலைக்கு மேல் போனது.

போக வேண்டும். எப்படிப் போவது? நடுவில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், கரையோடு போக முடியாது, மெயின் ரோடு ஏறி, அடுக்குமாடிக் காம்பவுண்டைச் சுற்றி, அந்தப் பக்கம் இறங்க நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் என்னை நம்பி என்னை நடக்கவிட முடியுமா? பாதி வழியில் நாத்தனார் வந்துவிடுவாள் தலைக்குள். பத்மஜா வருவாள். பால் பாக்கெட் வரும். ரோடு முனையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இப்போது இருக்கிற இந்தப் பூங்கோதை நல்லவளாக இருக்கிறாள், துணிச்சல்காரியாக இருக்கிறாள், இவள் இருக்கும்போதே காரியத்தை முடித்துவிட வேண்டும். கையை ஆட்டலாம், அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார், அந்த முதுகை எனக்குத் தெரியாதா? தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. வாத்துகள் மிதக்கின்றன. உள்ளான்கள் ஒற்றைக் காலில். பூனைப்பருந்து திரும்பி வருகிறது, இன்னும் தாழ, இன்னும் பக்கத்தில், டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸோடு லென்ஸாக ஒட்டிக்கொண்டுவிட்டார். நான் எழுந்து, மதகின் நுனிக்குப் போய், இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, பிரசவத்தில்கூடப் போடாத சத்தத்தைப் போட்டேன்.

“சபாபதி சார்! சரி! எனக்குச் சரி!”

கழுவெளி எழுந்துவிட்டது. ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகள், உள்ளான்கள், நாமக்கோழிகள், கோரைக்குள் இருப்பதே தெரியாமல் இருந்த நத்தைக்குத்தி நாரைகள், எல்லாம், எல்லாம் ஒரே சமயத்தில். தண்ணீரே பிய்த்துக்கொண்டு மேலே போன மாதிரி, சிறகுச் சத்தம் காதை அடைக்க, முகத்தில் சாரல் அடிக்க, எதிர்க்கரை மறைந்து, தெரிந்து, மறைந்து. தெரிந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னவோ கத்தினார், கேட்கவில்லை, மறுபடியும் கத்தினார், ஆயிரம் பறவை நடுவில் கத்தினால் எனக்கு எப்படிக் கேட்கும்? அதற்கப்புறம் ஓட ஆரம்பித்தார். எந்த பஸ்ஸுக்காகவும் ஓட வேண்டிய அவசியம் வராத மனிதர், அவர் கையெழுத்துக்காக பஸ்கள் நிற்கும். கரையின் மேல், நோட்டை அங்கேயே போட்டுவிட்டு, மெயின் ரோட்டுப் பக்கம் ஓடுகிறார். கேமரா என் பக்கத்தில்தான் இருக்கிறது, விரல் அதைத் தேடவே இல்லை. “மேடம்!” டாக்டர் மனோகரன் புதரிலிருந்து முழுசாக எழுந்து நிற்கிறார், அவர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது, உடம்பெல்லாம் இலை, முகமெல்லாம் கோபச் சிவப்பு. “உங்களுக்கு அறிவிருக்கா மேடம்? ரெண்டு மணி நேரம்! அஞ்சு மணிலேந்து உக்காந்திருக்கேன்!” பாவம், நியாயமான கோபம், நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். “இல்ல டாக்டர், சத்தியமா இல்ல” என்றேன், சிரிப்பில் வார்த்தை சரியாக வரவில்லை. “இந்தக் கேமராவைக் கொஞ்சம் பாத்துக்குங்க.” அவர் பாதி வழி வந்தால் போதும், மீதி நான் வருகிறேன் என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஓடினேன்.